மலையில் கிணறு இல்லை

கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. தாகம் இருந்தது. கையில் குடம் இருந்தது. கால் மட்டும் வரவில்லை.

அண்ணன் இறந்த பன்னிரண்டாம் நாள் அது. மல்லசமுத்திரத்துக்கு வடக்கே, எங்கள் வளவு வீடுகளுக்கெல்லாம் பொதுவான கிணறு. சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை எட்டிப் பார்த்த கிணறு. அன்று காதுக்குள் இரைச்சல் எழுந்தது. உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு அடித்த அடியில் மூச்சு உள்ளே போகவில்லை. குடம் விழுந்து உடைந்தது. நானும் விழுந்தேன்.

தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் முதலில் பதறினார்கள். எனக்கு அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒருத்தி சொன்னாள்: "கெணறு வெட்டறவனுக்குக் கெணத்தக் கண்டா பயமாமா! நாளைக்கு மீனுக்குத் தண்ணியக் கண்டா பயம்னு சொல்லுவீங்களாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறு ஆட்கள் மேல் இருக்கிறது. அது இன்னும் ஆறவில்லை.

இதை நான் எழுதுவது இதே நோய் உள்ளவர்களுக்காக. பர்மாவிலிருந்து ஜப்பான் குண்டுக்குத் தப்பி, காடு மலை நடந்து உயிரோடு வந்து சேர்ந்த சிலரை நாமக்கல் பக்கம் இப்போது பார்க்கிறேன். வானத்தில் இரைச்சல் கேட்டால் வண்டிக்கடியில் போய் ஒளிகிறார்கள். வீட்டார் இவர்களுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு வைத்தியம் தெரியாது. எனக்கு நடந்தது தெரியும்.

எங்கள் குடும்பத்துக்குக் கிணறு வெட்டுவதுதான் தொழில். அண்ணன் அதை விடாமல் செய்தான். நான் ஊர் சுற்றுகிறவன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம், ஈரோட்டில் ரயிலடியில் மூட்டை, ஒரு நாடகக் கொட்டகையில் படுதா இழுக்கிற வேலை என்று அலைவேன். ஆறு மாதம் ஓரிடத்தில் தங்கியதில்லை. சோற்றுக்கு வழியில்லாதபோது அண்ணனிடம் வந்து நிற்பேன். அவன் ஒன்றும் கேட்கமாட்டான். சம்மட்டியை எடுத்துக் கொடுப்பான்.

கிணற்றில் பாறை வந்துவிட்டால் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைப்போம். துளைக்கு ஒரு வேட்டு. திரியைப் பற்றவைத்துவிட்டு எல்லோரும் மேலே ஏறித் தூரம் போய்விட வேண்டும். ஒருவன் மட்டும் எண்ணுவான். எத்தனை வேட்டோ அத்தனை கூழாங்கல்லை மடியில் கட்டிக்கொள்வான். ஒரு வேட்டு வெடித்தால் ஒரு கல்லை எறிவான். மடி காலியானால்தான் கிணற்றில் ஆள் இறங்கலாம். ஒரு கல் மிஞ்சினாலும் மறுநாள் காலை வரை யாரும் இறங்கக்கூடாது. இதை எந்தச் சர்க்காரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் உயிரோடு இருந்தது இந்த வழக்கத்தால்தான்.

அன்று எண்ணியவன் நான். ஏழு வேட்டு வைத்தோம். ஆறு வெடித்தது. மடியில் ஒரு கல் இருந்தது.

மேஸ்திரி வந்தார். வேலையை ஒப்பந்தம் எடுத்து எங்களை வைத்துச் செய்கிறவர் அவர்.

"என்னடா, மடியத் தடவிக்கிட்டு நிக்கற?"

"ஒண்ணு மிச்சமிருக்குதுங்க."

"மிச்சமும் இல்ல, மண்ணும் இல்ல. ரெண்டு ஒண்ணாச் சேந்து வெடிச்சுது. எனக்குக் கேட்டுது. உங் காதுல என்ன, பஞ்சா?"

"கல்லு இருக்குதுங்களே."

"கல்லப் பாத்துக்கிட்டு இருந்தா வேல ஆகுமா? பண்ணையக்காரர் மூணு நாளா வந்து வெயில்ல நிக்கறாரு." அவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்களுக்கும் கேட்டுதில்லீங்க?"

கிணற்றுக்குச் சொந்தக்காரரான பண்ணையக்காரர் குடைக்கடியில் நின்றிருந்தார். "ஆமாமா, ரெண்டு சேந்தாப்பலதான் இருந்துது" என்றார். அவருக்குக் காது மந்தம். அது ஊருக்கே தெரியும்.

அண்ணன் என்னைக் கேட்டான்: "என்னடா?"

"சேந்து வெடிச்சிருக்கும்" என்றேன் நான்.

அண்ணன் இறங்கினான். கடப்பாறையை ஊன்றினான். ஏழாவது வெடித்தது.

நான் விளிம்பில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டதை எழுதப்போவதில்லை. நான்தான் இறங்கி அவனை மேலே கொண்டுவந்தேன்.

கிராம அதிகாரியான மணியக்காரர் வந்து விசாரித்தார். மேஸ்திரி கைகட்டி நின்று சொன்னார்: "எண்ணுனவன் அவந் தம்பிதானுங்க. பூராவும் வெடிச்சுதுன்னு சொன்னானுங்க. தம்பி சொன்னா அண்ணன் நம்ப மாட்டானுங்களா?" பண்ணையக்காரர் தலையாட்டினார். நான் வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. தம்பியின் கவனக்குறைவு என்று எழுதி, என் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தி உருட்டினார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைச் சொல்லக்கூட எனக்குக் குரல் இல்லை.

நங்கையா (அண்ணனின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சுவரோரம் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடந்தது அதுவல்ல என்று அவளிடம் சொல்ல வேண்டும். கல் மிஞ்சியதைச் சொல்ல வேண்டும். பிறகு நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தையையும் சொல்ல வேண்டும். பாதியை மறைத்துப் பாதியைச் சொல்ல முடியாது. முழுவதையும் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே தொண்டை அடைத்தது. உப்பு வேண்டும், போய் வருகிறேன் என்பதெல்லாம் நன்றாக வரும். இது மட்டும் வராது.

என் தாய்மாமன் என்னை ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஒன்பது நாள் தூணில் கட்டி வைத்தார்கள். பூசாரி சாட்டையால் அடித்துக்கொண்டே கேட்டார்: "யாரு நீ? எங்கேருந்து வந்தே? பேரச் சொல்லு!"

மாமன் அழுதார். "சொல்லிரு சாமி. அண்ணம் பேரச் சொல்லிரு. அடிய நிறுத்திருவாங்க."

நான் சொல்லவில்லை. அண்ணன் என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. செத்த பிறகு வந்து பிடித்துக்கொண்டான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒன்பதாம் நாள் என் வாயிலிருந்து ஒரு பேர் வந்தது. மேஸ்திரியின் பேர். பூசாரி மாமனிடம் விசாரித்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் சாட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"உயிரோட இருக்கறவன ஓட்டறதுக்கு என்கிட்ட மந்திரம் இல்லப்பா. கூட்டிக்கிட்டுப் போங்க."

முதுகில் அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாரையாவது இப்படி அடிக்கக் கூட்டிப்போவதாக இருந்தால், போகாதீர்கள். இதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறேன்.

புண் ஆறாமல் சீழ் வைத்ததால் மாமனோடு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். முதுகைப் பார்த்தார். கிணற்றைப் பற்றி மாமன் சொன்னதையும் கேட்டார். அவர் முந்தைய யுத்தத்தில் பட்டாளத்தோடு மெசபடோமியா போய் வந்தவர். நியூரஸ்தீனியா (நரம்புகள் ஓய்ந்துபோகும் நோய்) என்று சீட்டில் எழுதினார்.

"அங்கே இதை நிறையப் பார்த்தேன்" என்றார். "குண்டு பட்டவன் சில சமயம் எழுந்து நடந்துடுவான். பக்கத்தில நின்னவன் படுத்துடுவான். நீ பக்கத்தில நின்னவன்."

புரோமைடு (நரம்பை மந்தமாக்கும் உப்பு மருந்து) கொடுத்தார். "இது தூங்க வைக்கும். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லை."

தனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மருந்து ஊற்றிக்கொடுத்த கம்பவுண்டர் திருச்செங்கோட்டுக்காரர், வாயாடி. "கெணத்தப் பாத்தாத்தான வருது? கெணறு இல்லாத ஊருக்குப் போயிருங்க."

"அப்பிடி ஊரு எங்கீங்க இருக்குது?"

"ஏன், கொல்லிமலைல ஏது கெணறு? அத்தனையும் ஊத்துத் தண்ணி. என்ன, போய்ச் சேந்த வாரமே மலைக்காய்ச்சல் வந்து உங்க நோவு, நீங்க எல்லாம் ஒண்ணாப் போயிருவீங்க!"

அவர் கேலிக்குச் சொன்னார். நான் புண் காய்ந்ததும் கிளம்பிவிட்டேன். நங்கையாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நடந்தேன். வழியெல்லாம் வயல், வயலுக்கு வயல் கிணறு, மாடு பூட்டி இறைக்கிற சத்தம். அந்தச் சத்தம் வரும் பக்கத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே போனேன். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் திட்டினார்கள்.

அடிவாரத்தில் காரவள்ளியில் உப்புச் சுமை தூக்குகிறவர்களோடு சேர்ந்தேன். மலைக்கு ரோடு கிடையாது. உப்பு, சீமெண்ணெய், துணி எல்லாம் தலைச்சுமையாக மேலே போகும். பலாப்பழமும் புளியும் அதே தலையில் கீழே வரும். விடியும்போது ஏறத் தொடங்கினால் உச்சி வெயிலுக்குள் மேலே இருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும்.

எனக்கு முன்னால் போனவள் பாவாயி. என் வயதுதான் இருக்கும். நாலைந்து வருஷமாகச் சுமை தூக்குகிறவள்.

பாதி ஏற்றத்தில் பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும். அந்த இடத்தில் இடது பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே மரங்களின் தலை தெரிந்தது. அதே இரைச்சல், அதே வியர்வை. நான் உப்பை இறக்கிவைத்துவிட்டுப் பாறையைக் கட்டிப்பிடித்துத் தவழ்ந்து அந்தப் பக்கம் போனேன்.

பாவாயி திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க பல்லி வம்சமா? இப்பிடி ஒட்டிக்கிட்டு வாரீங்க?" பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். "அது கெடக்கட்டும், உப்ப எவன் தூக்கறது? போயி எடுத்துக்கிட்டு வாங்க. பின்னாடி எட்டுப் பேரு நிக்கறாங்க."

தவழ்ந்து திரும்பிப் போய், மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, மறுபடி தவழ்ந்து வந்தேன். அழுதுகொண்டுதான் வந்தேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஏற்றத்தில் ஆறுதல் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை.

மறுநாள் ஏறக்கூடாது என்று நினைத்தேன். கீழே இருந்தால் கிணறு. அதனால் ஏறினேன்.

ஒரு மாதம் போன பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த நோய்க்காரர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பயத்தில் நெஞ்சு அடிப்பதும் ஏற்றத்தில் நெஞ்சு அடிப்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே அடி, அதே வியர்வை, அதே மூச்சிரைப்பு. முன்பெல்லாம் நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் சாகப்போகிறேன் என்று நினைப்பேன். இப்போது தினமும் அரை நாள் அது அப்படி அடித்தது. நான் சாகவில்லை. மேலே போய் உப்பை இறக்கியதும் அது தானாக அடங்கியது. இது என் புத்திக்குத் தெரிவதற்கு முன்பே என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்று, கோபம். ஒவ்வொரு எட்டுக்கும் மேஸ்திரிக்கு ஒரு வசவு வைத்து ஏறினேன். வசவு தீர்ந்துபோனால் பண்ணையக்காரர். பிறகு மணியக்காரர். பிறகு நான். முணுமுணுப்பு பாவாயிக்குக் கேட்டிருக்கிறது.

"யாரத் திட்டிக்கிட்டு வாரீங்க தெனமும்?"

அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். தலையில் சுமை இருந்தால் திரும்ப முடியாது. எனக்குத் தெரிந்தது அவளுடைய குதிகால் மட்டும்தான்.

சொன்னேன். ஏற்றத்தில் யாருமே முழு வாக்கியம் பேச முடியாது. எல்லோரும் இரண்டு வார்த்தை சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்த இரண்டு வார்த்தை சொல்வார்கள். என் தொண்டை அடைத்தது அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. அடிவாரத்தில் தொடங்கியது, பல்லி போல ஒட்டிய அந்தப் பாறையைத் தாண்டும்போது ஏழு வேட்டு வரைக்கும் வந்திருந்தது. மேலே போய்ச் சேரும்போது "சேந்து வெடிச்சிருக்கும்னு... நாந்தான்... சொன்னேன்" என்று முடிந்தது.

பாவாயி சுமையை இறக்கினாள். முகத்தைத் துடைத்தாள். "உங்க வேர்வைல உப்பு நனையுது. எறக்குங்க மொதல்ல" என்றாள். நான் இறக்கியதும், "அந்த மேஸ்திரி இந்தப் பக்கம் வருவானா?" என்று கேட்டாள்.

"வரமாட்டான்."

"வந்தாச் சொல்லுங்க. அந்தப் பாறத் திருப்பத்துல அவன நான் முன்னாடி நடக்க உடறேன்."

நான் சிரித்தேன். அண்ணன் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

இதோடு குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய். மலைக்காய்ச்சல் வந்து இரண்டு முறை படுத்தேன். கொய்னா (காய்ச்சலுக்கான கசப்பு மாத்திரை) தின்று காது அடைத்துக் கிடந்தேன். ஒரு முறை சேந்தமங்கலம் சந்தையில் யாரோ கல்யாணத்துக்கு வேட்டுப் போட, ஒரு கிழவியின் தக்காளிக் கூடை மேல் பாய்ந்து விழுந்தேன். ஒரு வருஷ ஏற்றமும் வீணாகிவிட்டது என்று நினைத்தேன். வீணாகவில்லை. மறுநாள் அந்தத் திருப்பத்தில் நின்று கீழே பார்க்க முடிந்தது. இரண்டாம் வருஷம் அதே விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து களி தின்றேன்.

மலை என்னைக் குணப்படுத்தியது என்று சொல்லமாட்டேன். மலைக்கு என்னைத் தெரியாது. நான் ஏறினேன். அது நின்றது. அவ்வளவுதான்.

மலைக் கோயிலுக்கு வந்த ஒரு பண்டாரம் என் கதையைக் கேட்டுவிட்டு, "அந்த மேஸ்திரிய மன்னிச்சிருப்பா, அப்பத்தான் நோய் போகும்" என்றார். நான் மன்னிக்கவில்லை. நோய் போயிற்று. மேஸ்திரி மேட்டூர் அணை வேலைக்குப் போய் அங்கே பெரிய ஆளாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே எத்தனை பேர் மடியில் கல் மிஞ்சியதோ, எத்தனை முறை அவருக்கு மட்டும் சேர்ந்து கேட்டதோ. இதை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது. அது நோயின் நடுக்கம் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

நான்காம் வருஷம், கடலைக்காய் பிடுங்குகிற காலத்தில், மலையிலிருந்து இறங்கி ஊருக்கு நடந்தேன். வழியில் மூன்று கிணறுகளில் நானே சேந்திக் குடித்தேன்.

நங்கையா ஒருவருடைய புன்செய்க் காட்டில் கூலிக்குக் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"வந்துட்டயா? எங்கியோ காய்ச்சல்ல போயிட்டன்னு சொன்னாங்க."

எதிரே நின்று பேச எனக்கு வரவில்லை. நானும் அவள் பக்கத்து உழவுச் சாலில் குனிந்து பிடுங்கத் தொடங்கினேன். மூச்சு வாங்கியது. அந்த மூச்சில் இரண்டிரண்டு வார்த்தையாகச் சொன்னேன். மேஸ்திரி சொன்னது, பண்ணையக்காரர் சொன்னது, நான் சொன்னது.

"தெரியும்" என்றாள்.

"ஆரு சொன்னாங்க?"

"ஆரு வந்து சொல்லோணும்? உங்கண்ணனுக்குக் காதில்லையா? உன்ன உட அவருக்கு நல்லா எண்ணத் தெரியும். மேஸ்திரி எறங்குன்னா எறங்கிருவாரு. முன்னாடியும் அப்பிடி எறங்கிருக்காரு. ஊட்ல வந்து எங்கிட்டச் சொல்லுவாரு, நான் சண்டை புடிப்பேன். ஊர் சுத்தறவனுக்கு உனக்கென்ன தெரியும்?"

நான் பிடுங்குவதை நிறுத்தினேன். நான்கு வருஷம் நான் சுமந்தது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"எனக்கு உம்மேல ஆத்தரம் அதுக்கில்ல" என்றாள். இப்போது நிமிர்ந்திருந்தாள். "எழவுக்கு வந்தவங்க அத்தன பேரும் போனாங்க. நீயும் போயிட்ட. அந்த மேஸ்திரி ஊட்டு வாசல்ல நான் ஒருத்தியாப் போயி நின்னு மண்ண வாரித் தூத்துனேன். ஊரே வேடிக்க பாத்துது. அப்ப நீ எங்கடா போன?"

நோய் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அவளுக்கு அது பதில் இல்லை.

அவள் மறுபடி குனிந்தாள். ஒரு சால் முடிந்து திரும்பும்போது குரல் மாறியிருந்தது.

"கடைசியா என்ன சொன்னாரு? அத ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லல."

பாவாயியிடம்கூட நான் சொல்லாதது அது. யாரும் கேட்கவில்லை.

"கஞ்சிய எடுத்து நெழல்ல வெய்யி, வெயிலேறுதுன்னாரு."

"வெச்சயா?"

"வெச்சேன்."

நங்கையா வரப்பில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நானும் உட்கார்ந்தேன். காட்டுக்காரர் தூரத்திலிருந்து, "ஏ, என்ன அங்க விருந்தா?" என்று கத்தினார். இருவரும் எழுந்து பிடுங்கினோம்.

பொழுது சாயும்போது இடுப்பு நொந்தது. கொடி பிடுங்கினால் எல்லோருக்கும் வருகிற நோவு அது. அதைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கும் வேல இருக்குது. வாரயா?" என்றாள்.

"நாளைக்கு என்ன கெழம?"

"வெசாளக்கெழம."

அண்ணன் இறந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். அதற்குப் பிறகு இருநூறு வியாழக்கிழமைகள் வந்து போயிருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவற்றில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"வாரேன்" என்றேன்.